தகரக் கதவுக்கு வெளியே

ஈஜிபுராவில் ஆஞ்சலாவின் வீட்டுக்கு மேல் மாடியில் க்ளென் டிரம்ஸ் பழகிக்கொண்டிருந்தான். சர்ச் இசைக்குழுவில் புதிதாக இடம் கிடைத்திருந்தது. கணக்கு டீச்சரான ஆஞ்சலா, விடைத்தாள் திருத்த முடியவில்லை என்று வீட்டு ஓனர் கோவிந்தப்பாவிடம் மூன்று முறை புகார் செய்தாள். மூன்றாவது முறை, இனி வீட்டில் டிரம்ஸ் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

சத்தம் நின்றது. அவள் காதுக்குள் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை, மனிதக் குரலே கேட்காத இடமாகப் பார்த்து, ஆனேக்கலைத் தாண்டியிருந்த காப்புக்காட்டுக்கு பஸ் ஏறினாள்.

வாசலில் கார்டு தடுத்தார். "ஒப்ரே, தனியா விட மாட்டோம் மேடம். ஆனை நடமாட்டம் இருக்கு. ரெண்டு பேராச்சும் வேணும்."

காத்திருந்தாள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவன் க்ளென்.

வேறு யாராவது வருகிறார்களா என்று இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. கார்டு இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

'அமைதி காக்கவும்' என்று வழியெல்லாம் போர்டு. அதை அவர்களைப்போல மதித்தவர்கள் அந்தக் காட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள். இரண்டு கிலோமீட்டர், ஒரு வார்த்தை இல்லை. பாதி வழியில் தகரத்தால் அடித்த கழிப்பறை ஒன்று இருந்தது. ஆஞ்சலாவுக்கு வேறு வழியில்லை.

"க்ளென், கதவுக்குத் தாப்பா இல்ல. யாரும் வராம பாத்துக்குங்க."

"சரி மிஸ்."

உள்ளே போனவளுக்குச் சந்தேகம். "இருக்கீங்களா?"

"இருக்கேன் மிஸ்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். பிறகு, "எதாச்சும் சத்தம் பண்ணிக்கிட்டே இருங்க. அப்பதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

"நிஜமாவா மிஸ்?"

"பண்ணுங்க."

வீட்டில் முடியாததைக் காட்டில் பழகலாம் என்று அவன் பையில் குச்சிகளோடுதான் வந்திருந்தான். தகரச் சுவரில் மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்தான். ஆஞ்சலா தன்னையறியாமல் எண்ணினாள். ஒரு அடிகூடத் தப்பவில்லை. அவள் வெளியே வந்ததை அவன் கவனிக்கவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

கார்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "போர்டு பாக்கலியா? யாரு இவருக்குத் தட்டச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் ஆஞ்சலா.

இருவரையும் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்.

"பழகலைன்னா குரூப்லேர்ந்து எடுத்துடுவாங்க மிஸ்" என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது க்ளென் சொன்னான். மாலையே அவள் கோவிந்தப்பாவிடம் போய், தினம் ஒரு மணி நேரமாவது வாசிக்க விடச் சொன்னாள்.

"வேணாம் மிஸ். உங்களுக்காகத்தான் நிறுத்தினேன். இப்ப எனக்கே இந்த அமைதி பழகிடுச்சு" என்றார் அவர்.

திங்கட்கிழமை தன் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸிடம் மியூசிக் ரூமைக் கேட்டாள். சாவி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: வெளியாள் வாசித்து முடிக்கும்வரை டீச்சர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆஞ்சலா விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரத்தில் எட்டாம் வகுப்புத் தாள்கள் முழுவதையும் திருத்தி முடித்தாள்.