சித்தம்மா மெஸ்ஸில் விழுந்த சரித்திரம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் சித்தம்மா நடத்தும் மெஸ்ஸின் கூரையிலிருந்து போன ஆண்டு ஜூன் மாதம் மிளகு கொட்டியது. மாடியில் ஜெயகிருஷ்ணன் என்பவர் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு உலக சரித்திரம் நடத்துகிறார். அன்றைக்கு ரோமாபுரிக்குக் கப்பலில் மிளகு போன பாடம். காங்கிரீட்டில் விரிசல் இல்லை, குழாயும் இல்லை; பாடம் முடிந்ததும் மிளகும் நின்றுவிட்டது. மறுநாள் பட்டுப் பாதை. ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பட்டு சுருள் சுருளாக இறங்கியது. தெருவே குடமும் வாளியுமாக வந்து நின்றது. முதல் ஆளாக வந்தவர் எதிர்ப் பாத்திரக்கடை விஜய்குமார். கடையில் இருந்ததிலேயே பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். புருஷன் செத்த பிறகு ஹனூரிலிருந்து பிழைக்க வந்த சித்தம்மாவுக்கு, பொங்கல் நன்றாக அமைந்தது என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை.

ஆகஸ்டில் சிலுவைப் போர்கள் வந்தன. இட்லித் தட்டில் ரத்தம் சொட்டியது. மங்கோலியர் பாடம் நடந்த வாரம் குதிரைச் சாணமும் அறுத்த காதுகளும் விழுந்தன. அண்டாவோடு வந்த அதே ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு, மெஸ் சுத்தமாக இல்லை என்று மனு எழுதிப் போட்டது. வெட்கங்கெட்ட தெரு. அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். இன்னொரு முறை ரத்தம் விழுந்தால் மெஸ்ஸைப் பூட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு வடை சாப்பிட்டுப் போனார். சித்தம்மா மாடிப்படி ஏறினாள்.

“ஏனுங்க சார், இந்த வெட்டுக் குத்தெல்லாம் நடத்தியே ஆகோணுமுங்களா? யாவாரத்த மட்டும் சொல்லிக்குடுங்க. அடுப்புல ரத்தம் உழுகுதுங்க.”

ஜெயகிருஷ்ணன் ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. யார் மனமும் நோகப் பேசாதவர். போர்களை மாணவர்கள் வீட்டிலேயே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். செப்டம்பர் முழுக்க வியாபாரம்தான். கிராம்பு விழுந்தது, ஜாதிக்காய் விழுந்தது, பிறகு மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வெள்ளை வெளேரென்று கொட்டியது. சித்தம்மா அதைப் போட்டுக் கேசரிபாத் கிண்டினாள். தெரு திரும்பி வந்தது. விஜய்குமார் இரண்டாம் வாய் மென்றபோது பல்லில் ஒரு விரல் தட்டுப்பட்டது. கறுத்த சின்ன விரல். கரும்பு ஆலையில் அடிமை யாரோ பறிகொடுத்தது. அவர் அதைக் கறிவேப்பிலை போலத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு பிளேட் கேட்டார். சித்தம்மா பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். இதை எழுதும்போதும் குமட்டுகிறது, அந்த விரலை நினைத்து அல்ல.

அன்றைக்கே மறுபடியும் மாடிக்குப் போனாள்.

“சண்டை வேண்டாம்னு தானுங்க சொன்னேன்?”

“சண்டையை நான் தொடவே இல்லம்மா. இது வெறும் வியாபாரம்தான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

“அந்த மனுசன் ஒதுக்கி வெச்சுட்டுத் திங்கறாருங்க சார். எனக்கும் இப்பிடியே பழகிப்போயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

“பழகிடும்மா,” என்றார் ஜெயகிருஷ்ணன். “இப்பல்லாம் இதுல எத்தனை மார்க்குன்னுதான் எனக்குத் தெரியுது.”

படியிறங்கப் போன சித்தம்மா திரும்பினாள். “அப்பிடின்னா ஒண்ணு உடாம எல்லாத்தையும் நடத்துங்க. நாறட்டும். மெஸ்ஸப் பூட்டுனாலும் பரவால்லீங்க. நாத்தம் தாங்காமயாச்சும் இந்த ஜனம் எந்திரிச்சுப் போவட்டும்.”

அவரும் ஒன்று விடாமல் நடத்தினார். அபினி விழுந்தது. முதல் உலகப்போர் வந்ததும் பதுங்குகுழிச் சேறும், அதில் கொழுத்த எலிகளும், கண்ணைப் பிடுங்கும் விஷப்புகையும் இறங்கின. இரண்டாவது வந்தபோது சாம்பல் பொழிந்தது. யாருடைய சாம்பல் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு போனும் எழவில்லை. பந்தியை விட்டு ஒருவரும் எழவில்லை. சிலர் குடை விரித்துச் சாப்பிட்டார்கள். விஜய்குமார் சாப்பாட்டுத் தட்டுக்கென்றே பிடி வைத்த மூடி செய்து கடை வாசலில் தொங்கவிட்டார். அது நன்றாகப் போயிற்று. பூட்ட வேண்டிய அதிகாரியும் அதில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எலி ஓடிய தட்டில் பாயசம் கேட்டு வாங்கிய வாய்கள் இவை. நாற்றம் பொறுக்காமல் ஓடியது தெரு நாய் ஒன்றுதான்.

இந்த ஆண்டு பாடம் இன்றைய போர்களுக்கு வந்து சேர்ந்தது. தினமும் காலையில் சிமெண்ட் தூசி விழுகிறது, கூடவே கிழிந்த மாவு மூட்டைகள். சித்தம்மா பெருக்கி வாரிக் கொட்டுகிறாள். போன செவ்வாய்க்கிழமை, டிபன் மும்முரமாக இருந்த நேரம், கூரை உறுமியது. சித்தம்மா எட்டிச் சாம்பாரை மூடினாள். சட்னியை மூடினாள். அதற்கப்புறம்தான் விழுந்தது என்ன என்று திரும்பிப் பார்த்தாள். தரையில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. வார் மாட்டியபடியே இருந்தது.

“சாம்பார் தப்பிச்சுதாம்மா?” என்று கேட்டார் விஜய்குமார்.

“தப்பிச்சுதுங்க,” என்று சொல்லி, அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள் சித்தம்மா.