கூரையில்லாத இருபது நிமிடம்

என் கணவர் பல் மருத்துவர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர். என் வாயை மூடத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். இருபத்து நான்கு வருடமாக ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் என் வாழ்க்கை. என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஆள் தப்புப் பண்ணப் போகிறார் என்பது அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியாது. இந்தப் புத்தி பள்ளியோடு நின்றிருந்தால் வம்பில்லை. வீட்டு வண்டியிலும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், என் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில், இவர் ஒரு லாரியை முந்தப் போனார். நான் நம்பாமல் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டி குறுக்கே திரும்பி நின்றது. அவர் சாவியை என் மடியில் வைத்தார், இறங்கினார், வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது தங்கை ஊருக்குப் போகிற பஸ்கூட இல்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் எங்களுக்கு இரண்டு வண்டி. முன்னால் அவர், பின்னால் நான். மற்றபடி சண்டையெல்லாம் கிடையாது. வீட்டில் ஒரே தட்டில் பழம் நறுக்கித் தின்கிற ஆட்கள்தான். ரோட்டில் மட்டும் தனிக்குடித்தனம்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஐம்பத்தாறு வயதில் கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்தது. மூன்று மாதமாகப் போனில் அதே படம்தான். பல் எக்ஸ்ரேயைக்கூட அவர் அவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“ரெண்டே சீட்டுதான். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல நீ உக்காரணும். மாட்டேன்னா சொல்லிடு, இந்தப் பேச்சையே விட்டுடறேன். காலி சீட்டை வச்சுக்கிட்டு ஊர் சுத்தறதுக்கா அந்த வண்டி?”

பேசாமல் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா? ஓட்டிப் பார்க்க ஷோரூமில் கொடுக்கிற இருபது நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், இனிமேல் ஒரே வண்டியில் போகலாம். இல்லாவிட்டால் சாகிறவரைக்கும் இரண்டு வண்டிதான். இன்னொரு தடவை கேட்கிற ஆள் இல்லை அவர்.

சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பெண் சாவியைக் கொண்டுவந்து, தயங்கி நின்றாள்.

“சார், ஓட்டிப் பாக்க வர்றவங்களோட எங்க ஆள் ஒருத்தர் கூட வரணும். இதுல ரெண்டு பேர்தான் போக முடியும். மேடம் இங்க வெயிட் பண்றீங்களா?”

நல்லவேளை, தப்பித்தேன் என்று ஒரு மனசு சொன்னது. அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி இருந்தது. அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தார். என்னிடம் கார் ஓட்டப் பழகி, மூன்று தடவை லைசென்ஸ் தேர்வில் கோட்டைவிட்டவர்.

“இவங்க பக்கத்துல இருந்தா வண்டிக்கு ஒரு கீறல்கூட விழாது. நீங்க போயிட்டு வாங்க சார்” என்றார்.

பழுத்த தக்காளி நிறம். அதில் ஏறுவது என்று சொல்லக் கூடாது. ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, மீதி உடம்பைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பொத்தென்று போய் விழுந்தேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலிருந்த கூரை எழும்பி, மடிந்து, முதுகுப் பக்கம் போய்ப் பதுங்கிக்கொண்டது. வெயில் நேராக உச்சி வகிட்டில் விழுந்தது. எதிர்க்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்களைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் கூச்சம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

முதல் ஐந்து நிமிடம் நான் தெய்வம். நாக்கை நிஜமாகவே கடித்துக்கொண்டிருந்தேன். இவர் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினார், பேசவில்லை. ஸ்கூட்டர்காரரை ஒட்டிப் போனார், பேசவில்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சும்மா சொல்லக் கூடாது, வண்டி அருமை. ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டாலே திரும்பியது. பேக்கரி வாசனை, தார் வாசனை, யாரோ துவைத்துக் காயப்போட்ட துணியின் சோப்பு வாசனை என்று தெருவே மடியில் வந்து உட்கார்ந்தது.

புறவழிச் சாலைக்கு வந்ததும் இவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். காற்று வந்து முகத்தில் அறைந்தது. என் கொண்டை அவிழ்ந்து முடி நாலா பக்கமும் பறந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அது வாயிலிருந்து நழுவிவிட்டது.

“இன்னும் மூணாவதுலயே போறீங்க. நாலாவது போடுங்க.”

சொன்ன மறுவிநாடி எனக்கு உயிர் போய்விட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இரைகிற இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நாலாவது கியர் விழுந்தது. எதேச்சையாக நடந்தது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் என்ன, அணை உடைந்த கதைதான். முன்னால் போகிற வேனை விட்டு விலகச் சொன்னேன். இண்டிகேட்டர் எதற்கு வைத்திருக்கிறார்கள், அழகுக்கா என்று கேட்டேன். பதினோரு வருடத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததே கிடையாது.

திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோதும் வாய் நிற்கவில்லை. மனசில் கிடந்தது வர ஆரம்பித்தது.

“தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குப் போனமே, நாலு மணி நேரம். உங்க வண்டியோட பின்னாடி லைட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். வழியில மயில் நின்னுச்சு. காட்டறதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல. டீக்கடையில நிறுத்துவீங்கன்னு பாத்தேன், நீங்க நிறுத்தல. எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதுக்கிட்டேதான் ஓட்டினேன்.”

கடைசி வாக்கியம் பாதியில் இருக்கும்போது சிக்னலில் சிவப்பு விழுந்து, வண்டி நின்று, காற்றும் நின்றுவிட்டது. என் குரல் மட்டும் நிற்கவில்லை. நடுரோட்டில், அத்தனை வண்டிக்கும் நடுவில், ‘அழுதுக்கிட்டேதான் ஓட்டினேன்’ என்று கூவி முடித்தேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்த மயிலை நானும் பாத்தேன்” என்றார் அவர்.

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“எல்லாம் கேட்டுச்சு.”

“இந்தக் காத்துலயா?”

“இருபத்து நாலு வருஷமா இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகின தொண்டை அது. காத்தெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது. “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இப்படிக் கல்லு மாதிரி இருந்தீங்க?”

“பதில் சொன்னா நீ நிறுத்திடுவியே.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெயிலில் கண் சுருங்கிப் போயிருந்தது.

“பின்னாடி வர்றவளுக்கு மட்டுந்தான் அழுகை வருமா? நானும் பதினோரு வருஷமா கண்ணாடியில உன் வண்டியப் பாத்துப் பாத்துத்தான் ஓட்டறேன். கொஞ்சம் பின்தங்கினா வேகத்தைக் குறைப்பேன். தப்பாத் திரும்பினாக்கூடத் திட்ட ஆள் இல்ல. அன்னிக்கு பஸ்ஸில ஏறினேனே, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள நீ போயிட்டே.”

இதை அவர் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிடம் நான் அங்கேயே நின்றிருக்கலாம்.

பச்சை விழுந்தது. அவர் கிளப்பினார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடியும் கிளப்பினார், மறுபடியும் அணைந்தது. முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிற மனுஷன். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“சொல்லேன்.”

“கிளட்ச்” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கேக்கல.”

உரக்கச் சொன்னேன்.