நோலீன் வீட்டுப் பின்வாசல்

1

இந்தக் கதை ஒரு இழுப்பறையிலிருந்து வந்தது. கையால் லேசாகத் தள்ளிவிட்டால் கடைசி நேரத்தில் வேகம் குறைந்து, சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்ளுமே, அந்த வகை. நோலீன் அதைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். பிறகு தன் புருஷனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கில் பூச்சுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அது என்ன வார்த்தை என்று கடைசி வரை ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. “யாருக்கு?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. எழுதித் தொலைத்தால் விடுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்றுதான் பாதி நாள் போனது.

“நிலக்கரி விலை விழுந்த அந்த வருடம், ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் மொரன்பா ஊரில்—” [வேண்டாம். செய்தித்தாள் வாடை அடிக்கிறது.]

“ரஸ்ஸல் ஹாலவே கைராசிக்காரன். அவன் தொட்ட வீடு—” [அவன் இதைக் கேட்டால் கூச்சத்தில் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டான்.]

“ஊரில் உள்ள சமையலறைக்கெல்லாம் கதவு போட்டவன் தன் வீட்டு அலமாரிக்குக் கதவு போடவில்லை.”

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

நோலீனின் புருஷன் ரஸ்ஸலுக்குத் தொழில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது. முக்கியமாகச் சமையலறையும் குளியலறையும். நான் அவனிடம் டைல்ஸ் போடுகிறவன். சுரங்கத்தில் சம்பளம் கொட்டிய காலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நாங்களே போட்ட சமையலறையை, நிறம் அலுத்துவிட்டது என்று இடிக்கச் சொன்ன மகராசர்கள் உண்டு.

அப்போதெல்லாம் ரஸ்ஸல் வீட்டுச் சமையலறை எப்படி இருந்தது தெரியுமா? அலமாரிகள் வெறும் கூடாக நின்றன. கதவுக்குப் பதில் ஆணியில் கட்டிய திரைத்துணி. மேடைக்குப் பதில் இரண்டு மரத்தாங்கிகள்மேல் ஒரு பலகை. பாத்திரம் கழுவ, துணி துவைக்கும் தொட்டி. குளிர்பெட்டியில் ஒரு பெயின்ட் நிற அட்டை காந்தத்தால் ஒட்டியிருந்தது. நோலீன் என்றைக்கோ தேர்ந்தெடுத்த வெளிர்ப் பச்சை, வெயில் பட்டுப் பட்டு வெள்ளையாகவே ஆகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம் அவள் அந்தப் பலகைமேல்தான் காய் நறுக்கினாள்.

“அடுத்த மாசம் முடிச்சுடறேன், நோல்.”

“எந்த வருஷத்து அடுத்த மாசம்?”

[இங்கே ரஸ்ஸலை வில்லனாக்கிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. பகல் முழுக்க அடுத்தவன் வீட்டில் சுத்தியல் பிடித்தவன் சாயங்காலம் தன் வீட்டில் அதைப் பார்க்கவே விரும்ப மாட்டான். எனக்குத் தெரிந்த குழாய்க்காரர் வீட்டில் குழாய் ஒழுகுகிறது. என் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பாதிச் சுவரோடு நிற்கிறது. என் மனைவி கண்ணில் இந்தப் பத்தி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.]

4

பிறகு நிலக்கரி விலை விழுந்தது. சுரங்கம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. வேலை போனவன் முதலில் நிறுத்துவது குளியலறை டைல்ஸைத்தான். ரஸ்ஸலின் போன் அடிப்பது நின்றுபோனது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ‘விற்பனைக்கு’ பலகை. பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் நோலீன் வாங்கிவந்த சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

“டாஸ்மேனியா போயிடலாம்,” என்றான் ரஸ்ஸல் ஒருநாள். “அங்க வீடெல்லாம் கிழடு. பெரிய ஊர்க்காரங்க வந்து வாங்கிட்டே இருக்காங்களாம். கிழடு இருக்கற எடத்துலதான் நமக்குச் சோறு.”

“இந்த வீடு?”

“வித்துடலாம்.”

வீட்டுத் தரகர் வந்தார். சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். “ரஸ்ஸல், நீங்க இதே தொழில்தான பண்றீங்க?” என்று கேட்டார். “இப்படியே காட்டினா, வர்றவன் காரை விட்டே இறங்க மாட்டான்.”

அப்புறம்தான் அவன் அந்தச் சமையலறையை முடித்தான். கூட நானும் இருந்ததால் சொல்கிறேன், காசு கொடுத்த எவனுக்கும் அவன் அப்படிச் செய்ததில்லை. செம்பழுப்பு யூகலிப்டஸ் பலகையில் ஒரே துண்டாக மேடை. சத்தம் போடாத இழுப்பறைகள். கதவுகளுக்கு வெளிர்ப் பச்சை. வெளுத்துப்போன அட்டையைப் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய், அதன் பின்பக்கத்தில் இருந்த எண்படி அதே பச்சையைக் கலந்து வாங்கி வந்திருந்தான்.

பள்ளியிலிருந்து திரும்பிய நோலீன் பையைக்கூட இறக்கவில்லை. கதவை விரலால் தடவிப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

“யாருக்கு?”

ரஸ்ஸல் காதில் இருந்த பென்சிலை எடுத்து, திரும்பவும் அங்கேயே செருகினான். “வீடு வாங்க வர்றவங்களுக்குத்தான், நோல். வேற யாருக்கு?”

“அதான பாத்தேன். நல்லா இருக்கு. அவங்க குடுத்து வெச்சவங்க.”

வீடு விற்கும்வரை அவள் அந்தச் சமையலறையில் ஒரு முட்டைகூட வேகவைக்கவில்லை. பின்பக்கம் மாமரத்தடியில் இருந்த பார்பெக்யூ அடுப்பில்தான் எல்லாம். டீக்குத் தண்ணீர்கூடத் துணி துவைக்கிற அறையில் கொதித்தது. தரகர் வாரம் தவறாமல் வந்து, “எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க,” என்று பாராட்டிவிட்டுப் போனார். நானும் ரஸ்ஸலும் தலையைக் குனிந்துகொண்டு கருகிய தொத்திறைச்சியைத் தின்றோம்.

5

வண்டியில் கருவிகள், பின்னால் இழுவண்டியில் கட்டில் பீரோ. மெல்பர்னில் கப்பல் ஏறி மறுநாள் காலை இறங்கியபோது, அந்தத் தீவுக்குள் வெளிப்பழம் கொண்டுவரக் கூடாது என்று சோதனை அதிகாரி நோலீனின் மாம்பழப் பெட்டியை வாங்கிவைத்துக்கொண்டார். அந்த மாமரத்தின் கடைசிக் காய்ப்பு. “தாராளமா எடுத்துக்குங்க,” என்றாளாம் நோலீன். “கிச்சனையே குடுத்துட்டு வர்றவ நான்.”*

* இதை ரஸ்ஸல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மனைவிக்கு டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரில் நர்ஸ் வேலை கிடைத்ததால் நான் ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் கப்பலில் போடப்பட்ட ஒப்பந்தத்தை இருவருமே ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்:

“அங்க போனதும் மொத வேலை என் கிச்சன்.”

“சரி.”

“கதவோட.”

“கதவோடதான்.”

டெலொரேன் என்கிற அந்தச் சின்ன ஊரில் அவர்கள் வாங்கியது ரஸ்ஸலைவிட வயதான ஒரு மரவீடு. வேலை தேடி அவன் போகாத தெரு இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: “இங்க யார் வீட்டுல பண்ணிருக்கீங்க?” யார் வீட்டிலும் இல்லை. அதனால் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. சொன்ன சொல்படி நோலீனின் சமையலறையை முடித்தான்.

அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஏன் என்பது பிறகு. முதல் நாள் அதில் அவள் பூசணி சூப் வைத்தாள் என்பது மட்டும் போதும். ரஸ்ஸல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததை அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன்.

6

பெரில் அம்மாள் அந்த ஊரில் கம்பளி நூல் கடை வைத்திருக்கிறார். அவர் ஒருவரை நல்ல வேலைக்காரர் என்று சொல்லிவிட்டால் ஊரே சொன்ன மாதிரி. அவர் தன் வீட்டுச் சமையலறையை மாற்ற நினைக்கிறார் என்று காதில் விழுந்ததும் ரஸ்ஸல் இரும்புக் கடையில் அவரை மடக்கினான்.

“நீ செஞ்ச எதையாவது கண்ணால பாக்கணுமே தம்பி,” என்றார் பெரில்.

“சனிக்கிழமை காலைல வாங்க. எங்க கிச்சனையே காட்டறேன்.”

கூடப் போயிருந்த நான் அவன் முழங்கையை இடித்தேன். அதற்குள் அவர் தலையாட்டிவிட்டார். இன்னொருவனாக இருந்தால் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசித்திருப்பான். ரஸ்ஸலின் பேச்சும் சுத்தியலும் ஒன்றுதான், ஓங்கினால் இறங்கிவிடும்.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரில் வேலை கொடுக்காவிட்டால், குளிர்காலம் தொடங்கும் முன் ரஸ்ஸல் வடக்கே திரும்பிப் போய், சுரங்க முகாம் ஒன்றில் தனியாகத் தங்கி, கிடைத்த கூலி வேலை செய்வதாக இருந்தது. நோலீன் இந்தக் குளிரில், தெரியாத ஊரில், புதுச் சமையலறையோடு தனியாக இருப்பாள்.

7

“யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?”

“அஞ்சு நிமிஷம், நோல். பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“அந்தக் கிச்சன் வாங்க வந்தவனுக்கு. இந்தக் கிச்சன் பாக்க வர்றவங்களுக்கு. எனக்குன்னு இந்த வீட்டுல என்னதான்யா இருக்கு? கக்கூஸா?”

“அது இன்னும் முடிக்கல,” என்றான் ரஸ்ஸல்.

உண்மையைச் சொல்ல அவன் தேர்ந்தெடுக்கிற நேரமே தனி. நான் என் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், “காட்டறதுக்கு இந்த ஊர்ல நமக்கு வேற எதுவும் இல்ல, நோல். இது ஒண்ணுதான் இருக்கு,” என்றான். “நான் திரும்ப அங்க போகக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்.”

“அது எனக்குத் தெரியாதா? தெரியறதனாலதான் கோவம் வருது. தெரியலன்னா நிம்மதியா கத்திட்டாவது இருப்பேன்.”  எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை.

8

சனிக்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. நோலீன் மனம் இளகுகிறாள். பெரில் பார்க்கிறார், வாயைப் பிளக்கிறார், ஊரே ரஸ்ஸலைத் தேடி வரு— [சர்க்கரை தூக்கல்.]

ஆ. நோலீன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். ரஸ்ஸல் விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு— [அவனை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.]

இ. நோலீன் முந்தின நாள் பாத்திரமெல்லாம் குவித்து, மேடை முழுக்க மாவைக் கொட்டி, ‘கிச்சன்னா இப்படித்தான் இருக்கும்’ என்று காட்டுகிறாள். பெரில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். [எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. பொய் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் கதவுகளில் ஒரு பொட்டு மாவு பட்டாலும் நோலீனுக்கு உயிர் போய்விடும்.]

வேறு வழியில்லாமல் அவளிடமே போனேன். இப்படி ஒரு கதை எழுதுகிறேன், அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஓ, நீயுமா?” என்றாள். “நீ எத்தனை பேரை என் கிச்சனுக்குள்ள கூட்டிட்டு வரப் போற?”

“தெரியல. புஸ்தகமா வந்தா ஒரு ஐந்நூறு பேர்.”

“ஷூவோடயா?”

நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன்.

“வாசல் வரைக்கும் எழுதிக்க,” என்றாள். “உள்ள வர்றது, நான் கூப்பிட்டாத்தான்.” அப்படி என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் நடந்ததைச் சொன்னாள்.

வர்ணிக்காமல் விட்டது இதனால்தான். மொரன்பா சமையலறையைத் தாராளமாக வர்ணித்தேன், அது விற்றுப்போனது. இது விற்பனைக்கு இல்லை.

9

ஆக, வாசல் வரைக்கும்.

சனிக்கிழமை காலை ரஸ்ஸல் தலையை நனைத்து வாரிக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, முன்வாசலில் நின்றான். அந்த ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் போலீஸ், பாதிரியார், விற்பனைக்காரன், இந்த மூன்று பேர்தான். வந்ததிலிருந்து திறக்காத கதவு இறுகிப்போய் இருந்தது. விடிந்ததும் அதன் அடிவிளிம்பை இழைத்துச் சரிசெய்திருந்தான். துணைக்கு நானும் நின்றேன்.

பெரிலின் கார் வந்தது. இறங்கினார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நேராகப் பக்கவாட்டுப் பாதையில் நடந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். ஒரு கையில் ப்ளம் ஜாம் பாட்டில், இன்னொரு கையில் தோட்டத்துச் சுரைக்காய். தெரிந்தவர்கள் வீட்டுக்கு அந்த ஊரில் அப்படித்தான் போவார்கள். பின்கதவு நேராகச் சமையலறையில்தான் திறக்கும்.

கொசுவலைக் கதவு கிறீச்சிட்டது.

“நோலீன், இருக்கியா கண்ணு? கெட்டில் வெச்சிருக்கியா?”

 ரஸ்ஸல் என் கையைப் பிடித்துக்கொண்டான். 

பிறகு நோலீனின் குரல்: “வாங்க. உக்காருங்க, இப்பத்தான் வெச்சேன்.”

நாற்காலி இழுபடும் ஒலி. கோப்பைகள். பேச்சு எங்களுக்குப் புரியாத அளவுக்குத் தணிந்தது. நடுவில் ஒரு சிரிப்பு, யாருடையது என்று தெரியவில்லை.

“போலாமா?” என்றான் ரஸ்ஸல்.

“கூப்பிடட்டும்.”

“நான் கட்டின கிச்சன் மாப்ள.”

“ஆமா. அதனால?”

அவன் யோசித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை கசங்கியது. நானும் உட்கார்ந்தேன். நோலீன் அவருக்கு அலமாரிகளைத் திறந்து காட்டுகிறாளா, இல்லை வெறும் டீ மட்டும்தானா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தம் வர்ற இழுப்பறையாப் போட்டிருக்கணும்,” என்றான் ரஸ்ஸல்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அது வாசலுக்கு உள்ளே நடந்தது, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். பக்கவாட்டுப் பாதை திறந்தேதான் இருக்கிறது. வெறுங்கையோடு போகாதீர்கள். ஷூவைக் கழற்றிவிடுங்கள். அவள் உங்களை உள்ளே கூப்பிட்டால், ஒரு வாய் டீ குடித்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ரஸ்ஸலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவன் இன்னும் முன்வாசல் படியில்தான் உட்கார்ந்திருக்கிறான்.