வெளிநடப்புப் பொன்னாடை

தமிழ்வாணனை ஐந்து முறை சட்டசபைக்கு அனுப்பியது ஆரணி. சபையில் தன் கட்சி உறுப்பினர்களுக்கு அவர்தான் தலைவர். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, மொத்தப் பேரையும் கிளப்பிக்கொண்டு வெளிநடப்பு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேசியதைவிட வெளியே நடந்ததில்தான் பேர் வாங்கினார்.

தொண்ணூற்றெட்டில் கச்சாப் பட்டு விலை எகிறி, ஊரில் பாதித் தறி நின்றது. அவருடைய அக்கா குணசுந்தரியின் தறியும் நிற்கப் போனது. சபையில் கேட்டு, விலையைக் குறைப்பதாக அமைச்சர் வாயால் சொல்லவைக்கிறேன் என்றார். நெசவாளர்களை வேனில் சென்னைக்கு அழைத்துப்போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவும் வைத்தார்.

அவர் முறை வருமுன் எதிர்வரிசைக்காரர் ஒருவர் இவருடைய கட்சித் தலைவரை ‘அவன்’ என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எழுந்தார், துண்டை உதறினார், கத்திக்கொண்டே எல்லோரோடும் வெளியேறினார். பத்திரிகைக்காரர்களிடம் முழங்கிக்கொண்டிருந்தபோதுதான் பட்டு நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினார். சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டிருந்தது. அமைச்சருக்குப் பதில் சொல்லும் வேலையே வரவில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

“உன் பேரக் கூப்ட்டாங்க தம்பி. நீ இல்ல. மேலருந்து நாங்க வாயத் தொறக்கக் கூடாதாமே, சும்மா பாத்துகினு இருந்தோம்.”

“கோவத்துல மறந்துட்டேன்க்கா.”

திட்டித் தொலைக்கமாட்டாளா என்றிருந்தது அவருக்கு. அவள் பையிலிருந்து ஒரு பட்டுச் சால்வையை எடுத்தாள். அவர் பேசி முடித்ததும் போர்த்துவதற்காக, தறியில் மிச்சமிருந்த கடைசிப் பாவு நூலில் நெய்தது.

“வேணாம்க்கா.”

“உனக்குன்னு நெய்ஞ்சது. இத எடுத்துகினு போயி வேற யாருக்குப் போத்துறது?”

போர்த்தினாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் போட்டோக்காரர்கள் வளைத்துக்கொள்ள, பழக்கதோஷத்தில் கைகூப்பிச் சிரித்துவிட்டார்.

மறுநாள் அந்தப் படம் பேப்பரில் வந்தது. ‘வெளிநடப்பு செய்த தலைவருக்கு நெசவாளர்கள் பொன்னாடை.’ அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் அதையே போஸ்டராக்கி அக்கா வீட்டுச் சுவரிலும் ஒட்டினார்கள். உள்ளே தறிக்குழியை மூடி சிமென்ட் பூசியிருந்தது.

ஓட்டுக் கேட்டு வந்தவரை அக்கா வாசலிலேயே பார்த்தாள்.

“படம் நல்லா கீது தம்பி. சால்வ பளிச்சினு தெரியுது.”

கூப்பிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றார். ஓட்டுப் போடு என்று கேட்காமலே அடுத்த வீட்டுக்கு நடந்தார். வெட்கக்கேடு, ஆறாவது முறையும் அவர்தான் ஜெயித்தார்.