ஃபோர்மேன் எழுதிய விளக்கக் கடிதம்

பெரிய மோட்டார்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் கிரேன் ஓட்டும் லைசென்ஸ் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதமாக அவள் ஸ்டோரில் நட்டு போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கிரேனுக்கு ஃபோர்மேன் வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார்.

ஏழாவது மாதம் அவள் மேனேஜருக்குப் புகார் கொடுத்தாள். ஒரே வரி: ‘லைசென்ஸ் இருந்தும் என்னைக் கிரேனில் ஏற்றாத ஃபோர்மேன் ஒரு ஷாவனிஸ்ட்.’

மேனேஜர் ஃபோர்மேனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

“அப்படின்னா என்ன சார்?”

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல விளக்கம் குடுங்க.”

மேனேஜருக்கும் தெரியாது.

இருபத்தாறு வருடத்தில் ஒரு மெமோ வாங்காதவர் ஃபோர்மேன். மதியம் சாப்பிடப் போகாமல் ஆபீஸ் கிளார்க்கிடம் அகராதியை வாங்கிப் புரட்டினார். ‘தன் நாடே, தன் இனமே, தன் பாலே உயர்ந்தது என்று கண்மூடித்தனமாக நம்புபவர்’ என்று போட்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து எழுதினார்: ‘நாட்டின்மீது எனக்குப் பற்று உண்டு. இனம் பார்த்துப் பழகியதில்லை. பால் விஷயத்தில் எனக்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. கடையில் எது கிடைக்கிறதோ அதைத்தான் வாங்குகிறோம்.’

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கடிதத்தைப் படித்தாள்.

“இது அந்தப் பால் இல்லைங்க. ஆண்பால், பெண்பால்.”

ஃபோர்மேன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, “பொம்பளப் புள்ளைக்குக் கஷ்டமான வேலை வேண்டாம்னுதானே ஸ்டோர்ல உக்கார வெச்சேன்” என்றார்.

“நேத்து வார்டுல எண்பது கிலோ ஆளை நான் ஒருத்தியாப் புரட்டிப் படுக்க வெச்சேன். உங்க கிரேன்ல பட்டனைத்தானே அமுக்கணும்?”

“மோட்டார் கீழ விழுந்துட்டா?”

“ஆம்பளை ஓட்டினா அந்தரத்துல நிக்குமா?”

அவள் குளிக்கப் போய்விட்டாள். அவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார்: ‘அகராதியைப் பார்த்தேன். மூன்றாவது அர்த்தம் எனக்குப் பொருந்துகிறது. திங்கட்கிழமை முதல் அந்தப் பெண் கிரேனில் ஏறுவார்.’ மேனேஜர் அதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, அகராதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவள் நாலு டன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் இறக்கினாள். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. வழக்கமாக நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருக்கும். கீழே நின்ற ஃபோர்மேனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் இறங்கி வந்ததும் மன்னிப்புக் கேட்க நினைத்து, “தண்ணி குடிச்சியாம்மா?” என்றார்.

“குடிச்சேன் சார்.”

அடுத்த மாதம் பக்கத்துப் பட்டறை ஃபோர்மேன் வந்து, இரண்டு நாளைக்கு அவளை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

“முடியாது. எங்க பட்டறை ஆளு அது. உங்க ஆளுங்க அதுக்குக் கீழ நின்னு சைகை காட்டக்கூட லாயக்கில்ல.”

மேலே கேபினில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏணியில் இறங்கி வந்தாள்.

“அங்க புது கிரேன் வந்திருக்காம் சார். ரெண்டு நாள்தானே, போயிட்டு வரேன்.”

வெளியாள் யாரையும் அவர் வரவழைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் பட்டறையில் ஒரு மோட்டாரும் இடம்விட்டு நகரவில்லை.