பிடிக்காத பிரேக்

வண்டியை மாற்றிவிடலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் எழிலரசிதான். ஒவ்வொரு முறையும் வளவன் சிரித்து மழுப்பிவிடுவான். நாலு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப் அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வேர்க்கடலை மூட்டை, தண்ணீர் கேன், கல்யாணப் பாத்திரம், பந்தல் சாமான் என்று அது சுமக்காத பொருள் கிடையாது. "எஞ்சின் சும்மா கணக்கா ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்பான். அப்படிப்பட்டவன் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே, "வேற வண்டி பாக்கலாம்னு இருக்கேன். செகண்ட்ஸ்லதான்" என்றதும், அவள் சட்னிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க திடீர்னு?"

"எஃப்.சி. வருது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இத ரெடி பண்ணிக் காட்டணும்னா செலவு ஜாஸ்தியாவும்."

அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவுமில்லை. வாசலில் நிற்கும் அந்த வண்டியை மூன்று மாதமாக அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று நடந்தது அது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் அன்னதானம் போடுகிற ஓர் இடத்துக்குத் தண்ணீர் கேன் இறக்கப் போயிருந்தான். மதியத்துக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். போலீஸ்காரர் இரண்டு தடவை விசில் ஊதிவிட்டுப் போனார். வளவன் வண்டியைச் சரிவான ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்தான். அந்த ஹேண்ட் பிரேக் பிடிக்காது. தை மாதத்திலேயே மெக்கானிக் அப்பாதுரை சொல்லிவிட்டார். அதனால் எங்கே நிறுத்தினாலும் பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பது வளவனுக்கு வழக்கம். அன்றைக்குக் கொடுக்கவில்லை. மறந்துபோனான் என்று சொல்லமுடியாது. கல்லைத் தேடிக் கண்ணை ஓட்டினான், பக்கத்தில் எதுவும் தென்படவில்லை, அஞ்சு நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டான்.

பாதிக் கேன் இறக்கியபோது வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் வாழைப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி அம்மாள் அலறிய சத்தம்தான் அவன் முதலில் கேட்டது. டயர் அவளுடைய வலது பாதத்தின் மேல் ஏறி நின்றிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ள, வளவன் அவளைத் தூக்கி அதே வண்டியில் போட்டுக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடியே ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். எலும்பு மூன்று இடத்தில் நொறுங்கியிருந்தது. விசாரிக்க வந்த ஏட்டிடம், வலியோடு வலியாக, ஆதிலட்சுமியே முந்திக்கொண்டு சொன்னாள்: "கும்பல்ல யாரோ வண்டிய தள்ளிட்டாங்க சார். என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும், வண்டிக்குப் பின்னாடி போயி கூடைய வெச்சேன். இந்தத் தம்பி மட்டும் இல்லன்னா நான் அங்கயே கெடந்திருப்பேன்."

ஏட்டு வளவனைப் பார்த்தார். வளவன் தரையைப் பார்த்தான். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய் வந்தான். முட்டையோ, வறுத்த வேர்க்கடலையோ வாங்கிக்கொண்டு போவான். போகும்போதெல்லாம் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "இவருதான் என்னக் காப்பாத்துனவரு. பெத்த புள்ளகூட இப்படி வந்து பாக்காது" என்பாள். அந்தப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கும்பிட்ட கைகள்தான் வளவனின் கண்முன் நிற்கும். வண்டியை மாற்றிவிட்டால் இதெல்லாம் கொஞ்சம் தணியும் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

புரோக்கர் ஒருவர் பழைய வண்டிக்கு உடனே ஆள் பிடித்துவிட்டார். சேத்துப்பட்டுப் பக்கம் சந்தை சந்தையாகப் போய்ப் பாத்திர வியாபாரம் செய்கிற குடும்பம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, அதன் நிழலிலேயே குழந்தை குட்டியோடு கடை விரிப்பார்களாம். நல்ல விலை தருவதாகச் சொன்னார்கள். "ஹேண்ட் பிரேக்கப் பத்தி நீ வாயத் தொறக்காத. அவங்க பாத்துப்பாங்க" என்றார் புரோக்கர்.

வளவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியை அப்பாதுரையிடம் கொண்டுபோய், "எப்படியாவது பிரேக்க மட்டும் சரி பண்ணிக் குடுண்ணா" என்றான்.

அப்பாதுரை அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையெல்லாம் துருவோடு வெளியே வந்தார். "கேபிள் மாத்துறது ஒண்ணும் பெரிசில்லடா. அது புடிக்கிற எடத்துல சேசிஸ் சட்டமே அரிச்சுப் போச்சு. வெல்டிங் வெச்சா பத்து நாள் நிக்கும், அப்புறம் புட்டுக்கும். எஞ்சினப் பாத்து ஏமாந்துட்டே நீ. தையிலயே சொன்னேனே."

"சொன்னதான்ணா."

"அப்ப வந்திருந்தாலாவது ஏதாவது பண்ணியிருக்கலாம்."

வளவனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வளவனும் அப்பாதுரையும் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு வண்டியைப் பார்க்கப் போனார்கள். விற்பவள் மதிவதனி என்ற பெண், முப்பது வயதிருக்கும். ஐந்து வருடமாக அந்தப் பக்கத்துக் கஃபேக்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் காய்கறி சப்ளை செய்தவள். வண்டியை அவளேதான் ஓட்டியிருக்கிறாள். இப்போது பரீட்சை எழுதி அரசாங்க வேலை கிடைத்து செய்யாறுக்குப் போகிறாள்.

அப்பாதுரை பானெட்டைத் திறக்கும் முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, மீட்டர்ல தொண்ணூறாயிரம்னு இருக்கும். அத நம்பாதீங்க. நடுவுல மீட்டர் கெட்டுப்போயி ஆறு மாசம் ஓடல. ஒரு லட்சம்னு வெச்சுக்குங்க. மழையில எடது கதவு ஒழுகும். போன வருஷம் ஒரு மாட்டு மேல இடிச்சுட்டேன், முன்னாடி பம்பர் புதுசு. மாடு பொழச்சுக்கிச்சு."

அப்பாதுரை சிரித்துவிட்டார். "ஏம்மா, விக்கிறவங்க இப்படியா எல்லாத்தையும் கொட்டுவாங்க?"

"சொல்லாம வித்துட்டா, நாளைக்கு நீங்க எங்கயாவது நிக்கும்போது எனக்குத்தானே தூக்கம் வராது" என்றாள் அவள், வெகு சாதாரணமாக. பிறகு வளவன் பக்கம் திரும்பி, "உங்க வண்டிய ஏன் மாத்துறீங்கண்ணா?" என்று கேட்டாள்.

எஃப்.சி. என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஹேண்ட் பிரேக் புடிக்காது" என்று வந்தது. "தெரிஞ்சேதான் ஓட்டினேன். ஒரு அம்மா கால் மேல ஏறிடுச்சு. அவங்களுக்கு அது இன்னும் தெரியாது."

அப்பாதுரை பானெட்டைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் அவனையே பார்த்தார். அந்த விபத்தில் கும்பல்தான் வண்டியைத் தள்ளியது என்று அவரும் நம்பியிருந்தார். பிறகு, "வண்டி நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கலாம்" என்றார். குரலில் பழைய உரிமை இல்லை.

அன்று மாலையே வளவன் பஸ் ஏறி அடி அண்ணாமலைக்குப் போனான். கையில் எதுவும் வாங்கிப் போகவில்லை.

ஆதிலட்சுமி கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். "வா தம்பி, வா. டீ போடச் சொல்லவா?"

"வேணாம்மா. ஒண்ணு சொல்லணும்." உட்காராமலேயே சொன்னான். தை மாதத்திலிருந்து தெரியும் என்பது, கல் வைக்காதது, ஏட்டு கேட்டபோது வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை.

அவள் கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டாள். பிறகு கேட்டாள்: "யாரும் தள்ளல?"

"இல்லம்மா."

"மூணு மாசமா என்னை நானே திட்டிக்கினு இருந்தேன். எம் மருமவகூட, 'கண்ணு தெரியாம போயி ஒக்காந்தியா'ன்னு கேட்டா. ஆமாண்டின்னு ஒத்துக்கினேன். நீ வாராவாரம் வந்து இங்க நிப்பே. நான் ஊருக்கே கூப்ட்டுக் காட்டுவேன். நீ முட்டையக் குடுத்துட்டுப் போவே." அவள் குரல் ஏறியது. "முட்டையா கேட்டேன் நான்?"

வளவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சுடுங்கம்மா."

"அதெல்லாம் என்னால இப்ப சொல்ல முடியாது. போய் அந்தப் பொம்பளைங்கள கூப்ட்டு வா. அவங்ககிட்ட சொல்லு. எம் மருமவகிட்டயும் சொல்லு."

கூப்பிட்டு வந்தான். போன வாரம் கும்பிட்ட அதே பெண்களின் முன்னால் நின்று, முதலிலிருந்து திரும்பச் சொன்னான். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். இன்னொருத்தி, "இவ்ளோ நாள் கழிச்சாவது சொன்னானே" என்றாள். அதைக் கேட்கத்தான் அவனுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. மருமகள் மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீரை முறத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எழிலரசியிடம் சொன்னபோது அவள் அழுதாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "பழசு எப்போ போவுது?" என்றாள்.

பாத்திர வியாபாரிக்கு வளவன் தானே போன் செய்து, வண்டி கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டான். ஏன் என்றும் சொன்னான். புரோக்கர் கண்டபடி ஏசினார். வண்டி இரும்புக் கடைக்குப் போயிற்று. கிடைத்தது மிகவும் கம்மி. மதிவதனியின் வண்டியை வாங்க எழிலரசியின் தங்கச் செயின் போனது. அவள் அதைக் கழற்றித் தந்தபோது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கடையில் எஞ்சினைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அது இன்னும் ஓடும் நிலையில்தான் இருந்தது. வளவன் நின்று பார்க்காமல் வந்துவிட்டான்.

ஆதிலட்சுமியின் மகன் அருண்பிரசாத் ஒருநாள் வளவன் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டான். போலீசுக்குப் போவேன் என்றான். "போங்க, நானும் வந்து சொல்றேன்" என்றான் வளவன். போகவேண்டாம் என்று மகனைத் தடுத்தவள் ஆதிலட்சுமிதான் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பதிலாக அவளே ஓர் ஏற்பாட்டைச் சொல்லி அனுப்பினாள். இந்தக் காலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு அவளால் பஸ் ஏற முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மார்க்கெட்டிலிருந்து அவளுடைய பழத்தார்களை வளவன்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும். வாடகை பேசக்கூடாது.

ஆவணிப் பௌர்ணமி அன்று காலை, கூட்டம் சேரும் முன்பே, ஆறு தார் கற்பூரவல்லி வாழையோடு போனான். சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். இறங்கியவன் திரும்ப ஏறி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். ஆதிலட்சுமி சாலைக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"எங்கம்மா வெக்கிறது?"

"நிழல்ல வையி. அந்த அடித்தார் கனிஞ்சிருக்கு, பாத்து எடு."

அவன் ஒவ்வொரு தாராகத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தான்.