சிவப்புக் குச்சி

அந்தச் சின்ன விமானத் திடலில் பெட்ரோல் போடுகிறவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாங்கில் குச்சியை விட்டு அளக்காமல் ஒரு விமானத்தையும் அவர் நகர விட்டதில்லை. முன்பலகையில் பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பிப் பறக்கிறவர்களை அவர் கிழிகிழி என்று கிழிப்பதைக் கேட்கவே சிலர் டீ கிளாசோடு வந்து நிற்பார்கள்.

ஒவ்வொரு விமானத்தின் டாங்கும் ஒவ்வொரு வடிவம், அதனால் அளவுக்குச்சியும் தனித்தனி. இரண்டு பேர் விமானத்துக்கு நீலம், நாலு பேர் விமானத்துக்குச் சிவப்பு. அன்று இரண்டு பேர் விமானத்துக்காரர் வந்து அளக்கச் சொன்னபோது நீலக் குச்சி ஆணியில் இல்லை, பம்பின் மேல் கிடந்தது. சிவப்புக் குச்சியோ நேற்றைய தூசியோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவர் அளந்ததோ நாலு பேர் விமானத்தை. அதில் போனவர்கள் மகளும், அதை ஓட்டுகிற மருமகனும். பெட்டி கனம் என்று மகளோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே எந்தக் குச்சியை எடுத்தோம் என்று பார்க்காமல் அளந்து, இதுவே போதும் என்று ஒரு சொட்டுகூடப் போடாமல் அனுப்பிவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இந்த ஆனை சறுக்கினால் விழப்போவது பிள்ளைகள் அல்லவா!

அவசரமாகக் கணக்குப் போட்டார். மூன்று மணி நேரத்துக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது, உண்மையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குத்தான். கிளம்பி முக்கால் மணி ஆயிற்று. திரும்பி வரவும் பத்தாது, போய்ச் சேரவும் பத்தாது. மலைக்குப் பின்னால் ஒரு பழைய ஓடுதளம் உண்டு, இப்போதே திரும்பினால் இருபத்தைந்து நிமிடம்.

ரேடியோவில் சொன்னால் அக்கம்பக்கத்து விமானிகள் அத்தனை பேர் காதிலும் விழும். அந்த நினைப்பு ஒரு நிமிடம் அவர் கையைக் கட்டிப்போட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

ரேடியோவில் கூப்பிட்டு பெட்ரோல் பத்தாது என்றதும் மருமகன் முதலில் சிரித்தார். முள் முக்காலுக்கு மேல் நிற்கிறது, மாமாவுக்குச் சண்டைக் குழப்பம் இன்னும் தீரவில்லை என்றார்.

"மாப்பிள்ளை, அந்த முள்ளை நம்பாதீங்க. வேற விமானத்துக் குச்சியில அளந்துட்டேன். தப்பு என்னோடதுதான். மலைக்குப் பின்னால இருக்கற ஓடுதளத்துக்குத் திரும்புங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மாமனார் வாயிலிருந்து 'தப்பு என்னோடது' என்ற பேச்சை மருமகன் கேட்டதே கிடையாது. சிரிப்பு நின்றது.

"திரும்பறேன் மாமா."

அப்புறம் மலை மறைத்துவிட்டது, ரேடியோவில் இரைச்சல்தான். இருபது நிமிடம் ஆயிற்று, முப்பது ஆயிற்று. கூடி நின்றவர்களில் ஒருவரும் கேலி பேசவில்லை. கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நாற்பதாவது நிமிடம் போன் வந்தது. ஓடுதளத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டதாம். மிதந்தே வந்து புல்லில் இறங்கியதில் ஒரு சக்கரம் போயிற்று, ஆளுக்கு ஒன்றும் இல்லை. நானும் ஒரு தடவை அளந்திருக்க வேண்டும், மாமா அளந்தால் போதும் என்று விட்டுவிட்டேன் என்றார் மருமகன்.

பிறகு மகள் போனை வாங்கினாள்.

"அப்பா, நாங்க பஸ்லயே வந்துடறோம்."

"வாங்கம்மா" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள், அத்தனை பேர் எதிரில், அவருக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.